ஜப்பானில் இருந்து 660 சிசி ஜிம்னி: குடியாத்தம் வந்து சேர என்ன செலவு, முதலில் வருமா?

குடியாத்தம்காரன்

நகோயாவில் இருக்கிறேன். 2026 ஏப்ரலோடு மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடப் போகிறேன். இங்கே ஒரு சுசூகி ஜிம்னி பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் முன்பணம் கட்டவில்லை. ஜேபி64, 660 சிசி டர்போ, மூன்று கதவு, மேனுவல். "2023 மாடல்" என்று போட்டிருக்கிறார்கள். 18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. விலை 17 லட்சம் யென், நம்ம காசுக்குப் பத்து லட்சம் ஒட்டி வருகிறது. டீலரைக் கேட்டால் "இந்தியாவும் ரைட் ஹேண்ட் தானே, ஏற்றிவிடலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

வெளிநாட்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்து திரும்புகிறவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ் சலுகை உண்டே, அதில் கார் வருமா? சென்னையில் இறக்கினால் வேலூர் 140 கி.மீ. தான், அங்கேயே இறக்கலாமா? மொத்த டியூட்டி எவ்வளவு? வேலூர் டிஎன்-23 நம்பர் கிடைக்குமா? நம்ம ஊர் வெயிலுக்கு இந்தச் சின்ன எஞ்சின் தாங்குமா?


துறைமுகக் கணக்கு

பணம் கட்டாமல் கேட்டீர்களே, பாதி தலைவலி மிச்சம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸில் கார் வராது. 1962 கஸ்டம்ஸ் சட்டம் பிரிவு 2(3)ல் 'பேக்கேஜ்' என்பதற்கு விளக்கம் கொடுக்கும்போதே மோட்டார் வாகனம் அதில் சேராது என்று எழுதிவிட்டார்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாம் அந்தச் சலுகையில் வரும். கார் தனி இறக்குமதி, முழு டியூட்டி. "டி.ஆர்.ல பண்ணிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் அவரிடம் இந்தப் பிரிவை மட்டும் காட்டுங்கள்.

சென்னையும் கிடையாது. பழைய காருக்கு வெளிநாட்டு வணிக இயக்குநரகம் (டிஜிஎஃப்டி) அனுமதித்திருப்பது மும்பை துறைமுகம் ஒன்றுதான். புதிய காருக்குச் சென்னை, எண்ணூர், கொச்சி என்று நீளமான பட்டியல் உண்டு. அதைப் படித்துவிட்டுத்தான் பலர் பழைய காரைச் சென்னைக்கு ஏற்றி மாட்டிக்கொள்கிறார்கள். தவறான துறைமுகத்தில் இறங்கினால் பிரிவு 111(டி)ன் கீழ் பறிமுதல், பிரிவு 125ல் மீட்பு அபராதம், 112ல் தனி அபராதம். எல்லாம் கட்டிய பிறகும் திருப்பி ஏற்றச் சொல்ல வாய்ப்பு உண்டு. இன்னொரு நுணுக்கம்: மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் நவசேவா துறைமுகத்துக்குத் தனி கஸ்டம்ஸ் அலுவலகம். கன்டெய்னரில் போட்டால் கப்பல் கம்பெனி தன் வசதிக்கு நவசேவா என்று புக் பண்ணிவிடும். உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் புக்கிங்கை உறுதி செய்யாதீர்கள்.

பழைய காருக்கான மற்ற நிபந்தனைகள்:

தயாரித்த தேதியில் இருந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முதல் பதிவு நடந்த தேதியில் இருந்து எண்ணக் கூடாது. ஜப்பானில் "2023 மாடல்" என்றால் 2023ல் முதல்முறை பதிவான வண்டி என்று பொருள். 2022 நவம்பரில் தொழிற்சாலையை விட்டு வந்து 2023 பிப்ரவரியில் பதிவான வண்டிக்கும் அதே பெயர்தான். நீங்கள் 2026 ஏப்ரலில் கிளம்பி, வண்டி மே கடைசியில் மும்பை வருகிறது என்று வைத்தால், 2023 ஜூனுக்குப் பிறகு தயாரானதாக இருந்தால்தான் நிம்மதி.

வலப்பக்க ஸ்டியரிங், கி.மீ. காட்டும் ஸ்பீடோமீட்டர், இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கேற்ற ஹெட்லைட். ஜப்பான் வண்டிக்கு மூன்றும் இருக்கிறது. இங்கிலாந்து வண்டிக்கு ஸ்பீடோமீட்டரில் மைல், அங்கேயே அடிபடும்.

இறக்குமதி செய்த நாளில் இருந்து ஐந்து வருஷம் ஓடும் தகுதி வேண்டும். அந்த ஐந்து வருஷமும் இந்தியாவில் சர்வீஸ் கிடைக்கும் என்று நீங்கள் உறுதிமொழி கொடுக்க வேண்டும்.

இனி வருவதுதான் கழுத்தைப் பிடிக்கிற இடம். கப்பல் ஏறுவதற்குச் சற்று முன் சோதித்து, இந்திய மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் விதிகளுக்கும் பொருந்துகிறது என்று அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் கொடுத்த சான்று வேண்டும். தயாரிக்கும்போது வாங்கிய ஹோமோலொகேஷன் சான்றோடு (அந்த மாடல் விதிக்குப் பொருந்துகிறது என்று தயாரிப்பாளர் வாங்கும் ஒப்புதல்) வண்டி ஒத்துப்போகிறது என்பதற்கு இன்னொரு சான்று. ஜப்பான் அரசின் ஷாகென் சோதனை இதற்கு ஈடாகாது. உங்கள் ஜேபி64 ஜப்பான் உள்நாட்டு மாசு விதிக்குத் தயாரானது. அது இந்தியாவின் பிஎஸ்-6 மாசு விதிக்குப் பொருந்துகிறது என்று தாளில் நிரூபிக்க வேண்டும். இந்தச் சான்றை யார் தருவார், எவ்வளவு கேட்பார் என்று டீலரிடம் கேளுங்கள். "ஏற்றிவிடலாம்" என்ற அந்த ஒரு வரி இங்கே வந்ததும் மௌனமாகிவிடும்.

வந்திறங்கிய பிறகு மறுபடி இங்கே ஒரு சோதனை. மும்பையில் இறங்குவதால் புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை நிறுவனம்தான் வழியில் வருகிறது. அந்தச் சான்று இல்லாமல் ஆர்டிஓவில் ஃபைல் நகராது.

டியூட்டிக்கு வருவோம். 2025 பட்ஜெட்டில் பழைய காரின் அடிப்படை வரியை 125 சதவீதத்தில் இருந்து 70 ஆக்கினார்கள். செய்தியில் அதை மட்டும் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் ஏராளம். கூடவே வேளாண் உள்கட்டமைப்பு வரி 67.5 சதவீதம் போட்டு, சமூக நல சர்சார்ஜை எடுத்துவிட்டார்கள். கூட்டினால் 137.5. முன்பும் அதேதான். அதன் மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி).

இந்த ஒரு இடத்தில் உங்கள் 660 சிசி கை கொடுக்கிறது. 22.9.2025 முதல் ஜிஎஸ்டியில் 1,200 சிசிக்குள், 4 மீட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் கார் 18 சதவீதம். பெரியது 40 சதவீதம். ஜேபி64ன் நீளம் 3,395 மி.மீ. தான்.

மதிப்பு பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டு கணக்கு:

வண்டி, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து (சிஐஎஃப்) 10,00,000
அடிப்படை வரி 70% = 7,00,000
வேளாண் வரி 67.5% = 6,75,000
இதுவரை 23,75,000
அதன் மேல் ஐஜிஎஸ்டி 18% = 4,27,500
மொத்தம் 28,02,500

அதாவது பத்து லட்சம் வண்டிக்குப் பதினெட்டு லட்சம் வரி. இதே இடத்தில் 1,500 சிசி வண்டி இருந்தால் ஐஜிஎஸ்டி 9,50,000 ஆகி, மொத்தம் 33,25,000.

பில்லில் குறைத்துப் போட்டால் என்ன என்று யோசிக்க வேண்டாம். மதிப்பீட்டு விதிகளில் (2007) 12ஆம் விதியை வைத்து உங்கள் பில்லை ஒதுக்கிவிட முடியும். பழைய காருக்குப் புது விலையில் இருந்து காலாண்டுக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழிப்பார்கள்: முதல் வருஷம் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் வருஷம் 3, மூன்றாம் வருஷம் 2.5. இரண்டே முக்கால் வருஷ வண்டிக்கு 16 + 12 + 7.5 = 35.5 சதவீதம். ஆனால் ஜிம்னிக்கு ஜப்பானில் பழசும் புதுசும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஆகவே நீங்கள் உண்மையில் கொடுத்த விலையே தேய்மான மதிப்பைவிட அதிகமாக இருக்கும், அதைத்தான் பிடிப்பார்கள். கப்பல் கூலிக்கு ரசீது காட்டாவிட்டால் விலையில் 20 சதவீதத்தைக் கூலி என்று தானே போட்டுக்கொள்வார்கள், இன்சூரன்ஸுக்கு 1.125 சதவீதம். யென் மாற்று விகிதமும் கூகுளில் பார்ப்பது செல்லாது, கஸ்டம்ஸ் அறிவிக்கும் விகிதம்தான்.


குடியாத்தம்காரன்

நன்றி அண்ணே, தெளிவாகப் புரிந்தது, வயிறும் கலங்கியது. ஒரு சந்தேகம். பழசுக்கு இவ்வளவு என்றால், பதிவு செய்யாத புது ஜிம்னியை இங்கே வாங்கி நேராக ஏற்றினால்?


துறைமுகக் கணக்கு

நல்ல கேள்வி. வரியை மட்டும் பார்த்தால் புதுசுதான் மலிவு. 40,000 டாலருக்குள், பெட்ரோலில் 3,000 சிசிக்குள் இருக்கும் புதிய காருக்கு அடிப்படை வரி 70 சதவீதம், அவ்வளவே. சிஐஎஃப் 12 லட்சம் என்றால் 8,40,000 வரி சேர்ந்து 20,40,000, அதன் மேல் 18% ஐஜிஎஸ்டி 3,67,200, மொத்தம் 24,07,200. பழைய வண்டிக்கு 28 லட்சம், புது வண்டிக்கு 24 லட்சம். பழைய கார் உள்ளே வரவே கூடாது என்பதுதான் அரசாங்கத்தின் எண்ணம், அதை வரியாக எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் புதிய காருக்கு நிபந்தனை வேறு. முன்பே விற்றதாகவோ, குத்தகைக்கு விட்டதாகவோ, எந்த நாட்டிலும் பதிவானதாகவோ இருக்கக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 126ன்படி அந்த மாடலுக்கு ஒப்புதல் (டைப் அப்ரூவல்) வேண்டும். வருஷத்துக்கு 2,500 வண்டி வரை ஹோமோலொகேஷன் இல்லாமல் கொண்டுவரலாம் என்று 2018ல் ஒரு தளர்வு வந்தது. அது தயாரிப்பாளருக்கும் அவருடைய அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் மட்டும். தனி ஆளுக்கு இல்லை. அப்புறம் ஜப்பானில் டீலரிடம் புது வண்டி எடுத்தால் அவர் உங்கள் பெயரில் பதிவு செய்து நம்பர் போட்டுத்தான் சாவி தருவார். அந்த நிமிஷமே அது 'பழைய கார்' ஆகி 137.5க்குப் போய்விடுகிறது.


ஆம்பூர் பாய்

துறைமுகம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இங்கே வளைகுடாவில் இருந்து படிக்கிறவர்கள் நிறைய. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வாரம் ஒருவராவது துபாய் பிராடோவைக் கொண்டுவர முடியுமா என்று கேட்பார். முடியாது. இடப்பக்க ஸ்டியரிங். "இங்கே வந்து மாற்றிக்கொள்கிறேன்" என்பதும் செல்லாது, இறங்கும்போதே வலப்பக்கமாக இருக்க வேண்டும். அங்கேயே மாற்றி அனுப்பினால் தயாரிப்பாளரின் ஹோமோலொகேஷன் சான்றோடு ஒத்துப்போகாது, திரும்பவும் அதே சுவர். அங்கேயே விற்றுவிட்டு வருவதுதான் வழி.

கார்னே (வண்டியைத் தற்காலிகமாக வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் சுங்க அனுமதிப் புத்தகம்) பற்றியும் கேட்பார்கள். கார்னே எடுத்து டியூட்டி இல்லாமல் கொண்டுவரலாம், உண்மை. ஜப்பானில் ஜாஃப் (ஜப்பான் ஆட்டோமொபைல் ஃபெடரேஷன்) கொடுக்கிறது. ஆனால் அது சுற்றிப் பார்த்துவிட்டு வண்டியோடு திரும்புகிறவர்களுக்கு. ஆறு மாதத்துக்குள் வெளியே போயாக வேண்டும். போகாவிட்டால் முழு டியூட்டியையும் கார்னே கொடுத்த சங்கத்திடம் கேட்பார்கள், சங்கம் உங்கள் டெபாசிட்டில் கை வைக்கும். மொத்தமாக ஊர் திரும்புகிற தம்பிக்கு இது பொருந்தாது.


சத்துவாச்சாரி கராஜ்

பேப்பர் விஷயத்தை அவங்க சொல்லிட்டாங்க. வண்டி விஷயத்துக்கு நான்.

எஞ்சின் வெயில் தாங்குமான்னு கேட்டீங்க. ஆர்06ஏ டர்போ நல்ல எஞ்சின், 64 குதிரை சக்தி, வண்டி எடை ஆயிரத்து முப்பது கிலோ. ஏலகிரி பதினாலு கொண்டை ஊசி வளைவும் லோ ரேஞ்ச் போடாமலே ஏறும். கஷ்டம் எங்கேன்னா அக்னி நட்சத்திரத்துல நாலு பேர் ஏறி, ஏசி முழுசா வச்சு, பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி 100ல மிதிக்கிறப்போ. சின்ன டர்போ அந்த வேகத்துக்கு முழு நேரமும் பூஸ்ட்லேயே ஓடும், ஆயில் சூடு ஏறும். ஜப்பான்ல மெல்லிசு ஆயில் ஊத்தியிருப்பாங்க. இங்க வந்ததும் மேனுவல்ல அனுமதிச்சதுல கெட்டியான கிரேடுக்கு மாத்தணும், 5,000 கி.மீ.க்கு ஒருதரம் மாத்தணும். இன்டர்கூலர் முன்னாடி பூச்சியும் தூசியும் அடைக்கும், மாசம் ஒருக்கா காத்து அடிச்சுப் பாக்கணும்.

பெட்ரோல். இங்க பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஆக்டேன் பத்திக் கவலை வேணாம், அந்த எஞ்சின் ஜப்பான் ரெகுலர்ல ஓடுறது, நம்மது அதுக்கு மேல. பிரச்சினை எத்தனால். ஜப்பான் உள்நாட்டு வண்டியோட ரப்பர் குழாய், சீல், பம்ப் எல்லாம் 20 சதவீதத்துக்குன்னு சொல்லி செஞ்சது கிடையாது. ஓடிக்கிட்டே இருந்தா உடனே ஒண்ணும் ஆகாது. மாசக்கணக்குல நிறுத்தி வச்சா எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்க் அடியில தண்ணியா நிக்கும், அப்பதான் பம்ப் போகும். லீவுக்கு மட்டும் ஓட்டுற வண்டியா வச்சீங்கன்னா டேங்க் நிறைச்சு விட்டுட்டுப் போங்க, காலியா விடாதீங்க.

டயர் 175/80 ஆர்16. இந்த சைஸ் நம்ம பக்கம் கடையில கேட்டா சிரிப்பாங்க. இங்க விக்கிற அஞ்சு கதவு ஜிம்னிக்கு 195/80 ஆர்15. அது போடணும்னா ரிம்மும் மாத்தணும், மாத்தினா ஏஆர்ஏஐ சோதனையில 'தயாரிப்பாளர் கொடுத்தது இது இல்லையே'ன்னு கேள்வி வரும். சோதனை, பதிவு முடியிற வரைக்கும் ஒரு போல்ட்டைக்கூட மாத்தாதீங்க.

பார்ட்ஸ் பத்தி நேரா சொல்லிடறேன். இங்க ஜிம்னி இருக்கே, ஒண்ணுக்கு ஒண்ணு போட்டுக்கலாம்னு நினைப்பாங்க. இங்க வர்ற எஞ்சின் 1,462 சிசி, டர்போ கிடையாது. எஞ்சின் பக்கத்துல உங்களுக்கு ஒரு கேஸ்கெட் கூட ஒத்துவராது. டர்போ, வாட்டர் பம்ப், இக்னிஷன் காயில், சென்சார், கிளட்ச் தட்டு எல்லாம் ஜப்பான்ல இருந்துதான் வரணும். வண்டி கொண்டாந்தா ஃபில்டர் ஆறு செட், பெல்ட், பிளக், காயில் ஒரு செட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பிரேக் பேட் ரெண்டு செட் வாங்கித் தனிப் பெட்டியில உங்க வீட்டுச் சாமானோட போடுங்க. வண்டிக்குள்ள போடாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை. வண்டியை லிஃப்ட்ல ஏத்தச் சொல்லி அடியைப் பாருங்க. ஹொக்கைடோ, தோஹோகு மாதிரி பனிப் பிரதேசத்துல ஓடின வண்டின்னா ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, லேடர் ஃபிரேம் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். மேல புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. ஃபிரேம்ல வட்ட ஓட்டைகள் இருக்கும் பாருங்க, அதுக்குள்ள விரலை விட்டுத் தடவுங்க. செதில் செதிலா கையில வந்தா அந்த வண்டி வேணாம். ஜப்பான் கார் ஏலத்துல வண்டியோட தரத்தைக் குறிச்சுக் கொடுக்கிற தாள் (ஆக்ஷன் ஷீட்) கேளுங்க. அதுல கிரேடு 'ஆர்'னு இருந்தா அடிபட்டு ரிப்பேர் ஆனது.

ரேடியோ பாதிதான் வேலை செய்யும். ஜப்பான் எஃப்எம் 76ல இருந்து 95 வரைக்கும். நம்ம ஸ்டேஷன் பாதி அதுக்கு மேல. நேவிகேஷன் ஜப்பானியத்துல பேசும், குடியாத்தம் சந்தைக்கு வழி சொல்லாது.


டிஎன்-23 கன்சல்டன்ட்

ஆர்டிஓ பக்கம். உங்கள் ஆதார் முகவரி குடியாத்தம் என்றால் வேலூர், டிஎன்-23. இதே ஆம்பூர், வாணியம்பாடி என்றால் டிஎன்-83. ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் டிஎன்-73. 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபிறகும் பழைய முகவரிச் சான்றோடு வேலூருக்கே வருகிறவர்கள் இருக்கிறார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படிவம் 20, பில் ஆஃப் என்ட்ரியும் (கஸ்டம்ஸில் போடும் இறக்குமதித் தாள்) டியூட்டி கட்டிய சலானும், ஏஆர்ஏஐ சான்று, தயாரிப்பு மாதத்துக்கு ஆதாரம், இந்திய இன்சூரன்ஸ், முகவரிச் சான்று, பான். இறக்குமதி நான்கு சக்கர வண்டிக்குப் பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். அது சில்லறை. பெரிய தொகை ஆயுட்கால வரி. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். வரி எல்லாம் சேர்ந்து நிற்கும் 28,02,500ஐ அடிப்படையாக வைத்தால் 5,60,500. வண்டிக்கு மூன்று வயது ஆகிவிட்டதே, கொஞ்சம் குறைப்பார்கள் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். ஆகவே ரோட்டில் இறங்கும்போது 33,63,000. சான்றுச் செலவு, புரோக்கர் கட்டணம், லாரி வாடகை இதற்கு மேல். ஐந்து கதவு ஜிம்னி எக்ஸ்-ஷோரூம் 15 லட்சத்துக்குள் கிடைக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பதிவு நாளில் மாட்டுகிற இடம் சேஸிஸ் எண். மோட்டார் வாகன ஆய்வாளர் எண்ணின் மேல் டேப் ஒட்டி பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார், அதைத்தான் தாளோடு ஒப்பிடுவார். ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு 17 இலக்க விஐஎன் (வண்டி அடையாள எண்) இருக்காது. 'ஜேபி64டபிள்யூ' என்று ஆரம்பித்து ஒரு கோடு போட்டு ஆறு எண். இதே எண், இதே கோட்டோடு, ஜப்பான் ஏற்றுமதிச் சான்று, கப்பல் ரசீது, பில் ஆஃப் என்ட்ரி, ஏஆர்ஏஐ சான்று, இன்சூரன்ஸ் ஐந்திலும் ஒரு எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். கப்பல் கம்பெனி டைப் அடிக்கும்போது 'பி'யை 8 ஆக்கிவிட்டால் அதைத் திருத்த மும்பைக்கும் யோகோஹாமாவுக்கும் ஒரு மாதம் மெயில் அனுப்ப வேண்டும். கப்பல் ரசீதின் வரைவு வரும்போதே எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அடியில் துரு தடுப்பு கோட்டிங் அடிக்கச் சொன்னால் அந்த எண் மேல் அடிக்காமல் பார்த்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

நம்பர் பிளேட்டும் இடிக்கும். ஜப்பான் பிளேட் 330க்கு 165 மி.மீ. நமது உயர் பாதுகாப்பு பிளேட் 500க்கு 120 அல்லது 340க்கு 200. பின்பக்கம் 340 × 200 தான் போட முடியும், அதுவும் உயரத்தில் 35 மி.மீ. கூடுதல். விளக்கை மறைக்காமல் ஒரு தகடு செய்து பொருத்த வேண்டிவரும்.

மும்பையில் இருந்து பதிவில்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். கார் ஏற்றும் மூடிய லாரியில் போடுங்கள். தேசிய நெடுஞ்சாலை 48 மும்பையில் இருந்து புனே, ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாக நம்ம ஊர் வாசலுக்கே வருகிறது, சுமார் 1,200 கி.மீ. பள்ளிகொண்டாவில் திரும்பினால் குடியாத்தம். லாரிக்காரரிடம் பில் ஆஃப் என்ட்ரி நகலும் ஏஆர்ஏஐ தாளும் கொடுத்து அனுப்புங்கள், வழியில் செக்போஸ்ட்டில் கேட்பார்கள்.


பாலாற்றுக்கரை

இவ்வளவு தொல்லை எதற்கு, இறக்குமதி வண்டியே பாதி விலைக்கு வடக்கே கிடைக்கிறதே? ஹிமாச்சல் பதிவு, என்ஓசி வாங்கித் தருகிறேன் என்கிறார்கள்.


துறைமுகக் கணக்கு

அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பூட்டான் வழியாக டியூட்டி கட்டாமல் வந்த வண்டிகளுக்கு ஹிமாச்சல், வடகிழக்கு மாநிலங்களில் பதிவு வாங்கி விற்றதைத்தான் 2025 செப்டம்பரில் கேரளாவில் 'ஆபரேஷன் நும்கோர்' என்று கஸ்டம்ஸ் சோதனை போட்டுப் பிடித்தது. ஆர்சி புத்தகம் இருந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், வாங்கியவர் கையில் என்ஓசி மட்டும் நிற்கும். இறக்குமதி வண்டி எதை வாங்கினாலும் முதல் கேள்வி பில் ஆஃப் என்ட்ரி எண், தேதி, துறைமுகம். அது இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

குடியாத்தம் தம்பிக்கு, எல்லாம் தெரிந்தும் கொண்டுவருவது என்று முடிவெடுத்தால் ஏற்றும் முறை இது.

ரோரோ கப்பலா, கன்டெய்னரா? ரோரோ என்றால் வண்டியை ஓட்டிக் கப்பலுக்குள் நிறுத்துவார்கள். கூலி குறைவு. ஆனால் உள்ளே துணி, பார்ட்ஸ் எதுவும் வைக்கக் கூடாது. ஸ்டெப்னி, ஜாக்கி தவிர மற்றது வழியில் காணாமல் போனால் கேட்க நாதியில்லை. இருபது அடி கன்டெய்னரின் உள்நீளம் 5.9 மீட்டர், வாசல் அகலம் 2.34 மீட்டர். 1,475 மி.மீ. அகலமுள்ள உங்கள் வண்டிக்கு இரண்டு பக்கமும் இறங்குகிற அளவுக்குக் கதவு திறக்கலாம். கட்டும்போது சக்கரத்தின் மேலோ ஆக்சிலிலோ பட்டை போடச் சொல்லுங்கள். பம்பரிலோ சஸ்பென்ஷன் கையிலோ கட்டினால் இருபது நாள் அலையில் ஆடி அலைன்மென்ட் போய்விடும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை ஆணி அடித்து நிறுத்த வேண்டும். இரண்டு முறையிலும் பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கன்டெய்னரில் பேட்டரி வயரைக் கழற்றி டேப் சுற்ற வேண்டும்.

அடிப்பக்கத்தை நீராவியில் கழுவுங்கள். ஜிம்னி என்றாலே சேற்றில் இறங்கியிருக்கும். மண் ஒட்டிய பொருள் வந்தால் தாவரத் தடைகாப்புத் துறை நிறுத்தி வைக்கும், ஒரு வாரம் அங்கேயே போகும்.

இன்சூரன்ஸ் சிஐஎஃப் மதிப்பில் 110 சதவீதத்துக்கு, எல்லா ஆபத்தும் சேர்த்து 'இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸ் ஏ' என்று கேட்டு வாங்குங்கள். ஏற்றும் முன் ஓடோமீட்டரோடு சேர்த்து நாலு பக்கமும் படம்.

சொந்த உபயோகத்துக்கு ஐஇசி எண் (இறக்குமதி, ஏற்றுமதி செய்கிறவர்களுக்கான எண்) எடுக்கத் தேவையில்லை, பான் போதும். பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் போட்டுவிட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாள் நாளொன்றுக்கு 5,000, அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000. டியூட்டி கட்டத் தாமதமானால் 15 சதவீத வட்டி. இதற்கு வெளியே துறைமுக டெமரேஜ் (எடுக்காமல் கிடக்கும் வண்டிக்கு நாள் வாடகை), கன்டெய்னர் டிடென்ஷன் (கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்கு வாடகை) இரண்டும் தனித்தனியாக ஓடும். முப்பது நாளில் எடுக்கவில்லை என்றால் கஸ்டம்ஸ் சட்டம் பிரிவு 48ன்படி ஏலம் விடலாம். ஆகவே பதினெட்டு லட்சமும் கப்பல் கிளம்பும் முன்பே உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். வண்டி வந்தபிறகு லோன் தேடினால் டெமரேஜே இன்னொரு பழைய வண்டி விலைக்கு வந்துவிடும்.


குடியாத்தம்காரன்

33 லட்சம் போட்டு 660 சிசி ஓட்டினால் வீட்டில் என்னையும் சேர்த்து ஏலம் விட்டுவிடுவார்கள். முக்கால்வாசி மனசு மாறிவிட்டது. ஆனாலும் டீலரிடம் கடைசியாகப் பேசிப் பார்க்கிறேன். என்ன கேட்கட்டும்?


துறைமுகக் கணக்கு

மூன்றே கேள்வி, இதே வரிசையில். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சுசூகியிடம் இருந்து தயாரிப்பு மாதத்துக்குக் கடிதம் வாங்கித் தருவாரா? ஏற்றும் முன் இந்திய விதிப்படி சோதனைச் சான்றும் ஹோமோலொகேஷன் ஒப்புமைச் சான்றும் யாரிடம் வாங்குவார், அதன் மாதிரி ஒன்றை அனுப்புவாரா? கெய் வண்டிக்கு (உங்களுடையது மாதிரி 660 சிசிக்குள் இருக்கும் ஜப்பான் சின்னக் கார்) ஏற்றுமதித் தாள் வேறு அலுவலகத்தில், வேறு பெயரில் வரும். அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு தருவாரா? இரண்டாம் கேள்விக்குப் பதில் வராவிட்டால் மூன்றாவதைக் கேட்க வேண்டியதில்லை.

வண்டியை ஏற்றுமதி செய்தால் ஜப்பானில் கட்டிய ரீசைக்ளிங் டெபாசிட் திரும்பக் கிடைக்கும், அது யாருக்கு என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.


சத்துவாச்சாரி கராஜ்

லெட்டர் வர்றதுக்குள்ள நீங்களே ஒரு பார்வை பாத்துக்கலாம். சீட் பெல்ட்டை முழுசா வெளிய இழுங்க. அடிப்பக்கம் தச்சிருக்கிற சின்ன லேபிள்ல பெல்ட் செஞ்ச வருஷம் மாசம் இருக்கும். நாலு பெல்ட்டையும் பாருங்க. வண்டி அதுக்கு அப்புறம் ஒண்ணு ரெண்டு மாசத்துல பூட்டியிருப்பாங்க. நாலுலயும் 2022ன்னு இருந்துச்சுன்னா டீலருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஒண்ணுல மட்டும் தேதி வேறன்னா அந்தப் பக்கக் கதவு, தூண் ரெண்டையும் நல்லாப் பாருங்க, அடிபட்டு மாத்தினதா இருக்கும்.